பதின்மூன்றாவது மாதம்

காட்டுக் குட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கிற கதை கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது மாதக் கணக்கை. குட்டி எந்த மாதம் வந்தது, கதை எந்த மாதம் முடிந்தது என்று பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே படிப்பேன். நாலைந்து கதைகளை இப்படிப் படித்துவிட்டால் ஒரு விஷயம் பிடிபடும். கதை பெரும்பாலும் ஒரு வருடத்தைத் தாண்டுவதில்லை. வசந்தத்தில் ஒரு சின்னக் குட்டி வரும், கோடை முழுக்கக் காலையே சுற்றிக்கொண்டு கிடக்கும், அறுவடை நேரத்தில் ஏதோ ஒரு தகராறு கிளம்பும், அடுத்த வசந்தத்தில் பிரிவு. நாம் அழுதுவிட்டுப் புத்தகத்தை மூடுவோம். இதை எழுத்தாளரின் கைத்திறன் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஸ்டெர்லிங் நார்த் எழுதிய 'ராஸ்கல்' நூலை மூன்றாம் முறை படித்தபோதுதான், கதையின் நீளத்தைத் தீர்மானித்தது அந்த விலங்கின் உடம்பு என்பது உறைத்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1963இல் வெளிவந்த நூல் அது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எட்ஜர்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர் நார்த். தன் பதினோராம் வயதில் ராஸ்கல் என்று பெயர் வைத்த ஒரு ரக்கூன் குட்டியோடு கழித்த நாட்களை, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறார். 1918 மே மாதம் தொடங்கி 1919 ஏப்ரலில் கதை முடிகிறது. அத்தியாயங்களே மாதங்களின் பெயரில்தான் நகர்கின்றன. ரக்கூன் என்பது பூனையைவிடப் பெரிதான, கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி போட்டது போன்ற, வாலில் வளையங்கள் உள்ள, வட அமெரிக்காவுக்கே உரிய இரவு விலங்கு. அதன் முன்னங்கால்கள் பார்க்க ஒரு குழந்தையின் கை மாதிரியே இருக்கும். இந்தக் கதை நம் மனதைப் பிடித்துக்கொள்வதில் அந்தக் கைகளுக்கு நிறையப் பங்கு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் காலண்டரைப் பார்ப்போம். அமெரிக்காவின் வடக்குப் பகுதிகளில் ரக்கூன்கள் குளிர்காலத்தின் பிற்பாதியில் இணை சேரும், குட்டிகள் ஏப்ரல், மே வாக்கில் பிறக்கும். பிறந்து சுமார் மூன்று வாரத்தில் கண் திறக்கும். கோடையில் பால் மறந்து தாயோடு இரை தேடப் பழகும். முதல் குளிர்காலத்தைப் பல குட்டிகள் தாயோடு ஒரே பொந்தில்தான் கழிக்கும். அப்புறம் வசந்தம் வந்ததும் தனித்தனியாகப் பிரிந்து போய்விடும். இந்தப் பட்டியலை நார்த்தின் அத்தியாயங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட வரிக்கு வரி பொருந்தும். மே மாதத்தில் குட்டி கிடைக்கிறது. கோடையில் சைக்கிள் கூடையில் ஏறி ஊர் சுற்றுகிறது. குளிர்காலத்தில் மந்தமாகிப் பெரும்பாலும் தூங்குகிறது. பனி விலகியதும் அமைதியிழந்து, வேறு ரக்கூன்களின் குரலுக்குக் காது கொடுக்கத் தொடங்குகிறது. ஆக, ராஸ்கல் அந்தப் பையனோடு இருந்தது அச்சாக ஒரு தாயோடு இருக்க வேண்டிய காலம்தான். ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று சொல்லிவிடலாம். பையன் அதை நட்பு என்கிறான். அந்தச் சொல்லை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் விலங்கின் பக்கமிருந்து பார்த்தால் அது பிள்ளைப் பருவம், பிள்ளைப் பருவத்துக்கு முடிவு தேதி உண்டு.

இதே கணக்கு இன்னொரு கதையில் தலைப்பிலேயே இருக்கிறது. மார்ஜரி கின்னன் ராலிங்ஸ் 1938இல் எழுதி மறுவருடம் புலிட்சர் பரிசு பெற்ற 'தி இயர்லிங்'. அந்தச் சொல்லுக்கு ஒரு வயது நிரம்பிய குட்டி என்று பொருள். புளோரிடாவின் புதர்க்காட்டில் வாழும் ஜோடி என்ற பையன் ஒரு மான்குட்டியை வளர்க்கிறான், அது ஒரு வயதை எட்டும்போது முளைவிட்ட சோளப் பயிரை மேய்ந்துவிடுகிறது. அந்தக் குடும்பத்துக்கு அந்தச் சோளம்தான் வருடச் சாப்பாடு. வேலியை உயர்த்திப் பார்த்தும் பயனில்லை. கடைசியில் அவன் அம்மா சுட்டுக் காயப்படுத்த, தன் மானை அவனே கொன்று முடிக்க வேண்டி வருகிறது. சிறுவயதில் படித்தபோது அந்த அம்மாமேல் எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. இப்போது படித்தால் குட்டி மான் தின்னும் அளவும் வளர்ந்த மான் தின்னும் அளவும்தான் கண்ணில் படுகிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை. மான் வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, முடிவை விட்டுத் தொடக்கத்துக்கு வருவோம். இந்தக் கதைகளை நிதானமாகப் படிக்கும்போது எல்லாரும் தாண்டிப் போய்விடும் ஓர் இடம் குட்டி வந்து சேரும் அத்தியாயத்தில் இருக்கும். குட்டி எப்படிக் கிடைத்தது? ராஸ்கலின் பொந்தைத் தோண்டியது ஸ்டெர்லிங்கின் பெரிய நாய். தாயும் மற்றக் குட்டிகளும் வெளியே பாய்ந்து ஓட, ஒன்று மட்டும் பையன்கள் கையில் சிக்குகிறது. ஜோடியின் அப்பாவைப் பாம்பு கடித்தபோது, விஷத்தை இறக்க உடனே ஓர் ஈரல் வேண்டியிருந்தது, அதற்காக அவர் சுட்ட பெண்மானின் குட்டிதான் அந்த மான்குட்டி. எல்சா என்ற சிங்கத்தின் கதையும் அப்படித்தான். கென்யாவில் 1956 பிப்ரவரி 1ஆம் தேதி, தன்மேல் பாய வந்த ஒரு பெண்சிங்கத்தை வனவிலங்குக் காப்பாளர் ஜார்ஜ் ஆடம்சன் சுட்டார். சுட்ட பிறகுதான் அது குட்டிகளைக் காக்கப் பாய்ந்தது என்று தெரிந்தது. மூன்று குட்டிகள். ஜார்ஜும் மனைவி ஜாயும் அவற்றை வளர்த்தார்கள், கடைக்குட்டியான எல்சாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

மூன்று கதையிலும் குட்டி வந்து சேரும் அந்தச் சில பக்கங்களிலேயே தாய் காணாமல் போகிறாள். கதை சொல்கிறவர்கள் அதை மறைக்கவில்லை, நேர்மையாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் படிக்கிற நாம் அந்தப் பக்கத்தைச் சீக்கிரமாகப் புரட்டிவிடுகிறோம், ஏனென்றால் அடுத்த பக்கத்தில் குட்டி இருக்கிறது. மனிதக் கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பது போல ரக்கூன் குட்டிக்கும் கொடுத்துப் பழக்கும் காட்சி வந்ததும் தாய் ரக்கூன் மனதிலிருந்தே மறைந்துவிடுகிறது. காட்டுக் குட்டி ஒன்று மனிதரோடு ஒட்டிக்கொள்வதற்கு முதல் நிபந்தனையே தாய் இல்லாமல் போவதுதான் என்பதை ஒருமுறை கவனித்துவிட்டால், அப்புறம் எந்தக் கதையிலும் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

'ராஸ்கல்' இன்னும் ஒரு படி ஆழமாகப் போகிறது, அதனால்தான் அது எனக்கு இத்தனை பிடித்திருக்கிறது. ஸ்டெர்லிங்குக்கும் அம்மா இல்லை. அவனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது இறந்துவிட்டார். அண்ணன் பிரான்சில் போர்முனையில் இருக்கிறான். அக்காமார் வெளியூரில். அப்பா அன்பானவர், படித்தவர், ஆனால் பல நாட்கள் வீட்டில் இருப்பதே இல்லை. மகன் வீட்டின் நடுக்கூடத்திலேயே ஒரு படகு கட்டிக்கொண்டிருந்தாலும் கண்டுகொள்ளாதவர். இத்தனையையும் நார்த் ஒரு புகார்போலச் சொல்வதே இல்லை. விடுதலையான, அழகான குழந்தைப் பருவம் என்ற தொனியில்தான் சொல்லிக்கொண்டு போகிறார். மேசையில் ராஸ்கலுக்கு ஒரு குழந்தை நாற்காலி போடப்படுகிறது, அது ஸ்டெர்லிங் சிறுபிள்ளையாக உட்கார்ந்த அதே நாற்காலி. இரவில் அவன் படுக்கையிலேயே அது தூங்குகிறது. தாயில்லாத ஒரு வீட்டில் தாயில்லாத ஒன்றுக்குத் தாயாக இருக்க அந்தப் பையன் முயன்றான் என்று ஆசிரியர் எங்கும் எழுதவில்லை. அந்த நாற்காலி அதைச் சொல்லிவிடுகிறது. இந்த வகைக் கதையை ஆராய்ந்து எழுதச் சொன்னால் பலரும் விலங்கு என்ன செய்தது என்று பட்டியல் போடுவார்கள். குழந்தைக்கு அந்த நேரத்தில் என்ன இல்லாமல் இருந்தது என்று கேட்டால் கதை வேறு மாதிரி திறக்கும்.

இனி அந்தக் கைகள். புத்தகத்திலேயே எல்லாருக்கும் நினைவில் நிற்கும் காட்சி சர்க்கரைக் கட்டிதான். ராஸ்கலுக்கு ஒரு சர்க்கரைக் கட்டி தருகிறார்கள். அது தன் வழக்கப்படி அதைப் பால் கிண்ணத்தில் முக்கிக் கழுவுகிறது. கட்டி கரைந்து காணாமல் போகிறது. கிண்ணத்தின் அடியெல்லாம் துழாவுகிறது, கைகளைத் திருப்பிப் பார்க்கிறது. பிறகு கற்றுக்கொள்கிறது, அதற்கப்புறம் சர்க்கரையைக் கழுவுவதே இல்லை. படிக்கும்போது மனம் உருகிப்போகும், ஒரு சின்னக் குழந்தை ஏமாந்து நிற்பதைப் போலவே இருக்கும்.

உண்மையில் அங்கே என்ன நடக்கிறது? ரக்கூன் உணவைச் சுத்தத்துக்காகக் கழுவுவதில்லை. அதன் அறிவியல் பெயரான 'புரோசியான் லோட்டார்' என்பதில் லோட்டார் என்றால் கழுவுபவர் என்று பொருள், ஜெர்மன் மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் அதைக் கழுவும் கரடி என்றுதான் சொல்கிறார்கள். அத்தனை காலமாக மனிதர்கள் அதை அப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் காட்டில் அது ஓடையோரத்தில் தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவி நண்டையும் தவளையையும் பிடித்துத் தின்னும் விலங்கு. கண்ணைவிடக் கையை நம்புவது. மூளையில் தொடுவுணர்வுக்கான பகுதியில் பெரும் பங்கு அந்த முன்னங்கால்களுக்கே போகிறது. தோல் நனைந்தால் தொடுவுணர்வு இன்னும் கூர்மையாகிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அடைத்து வைக்கப்பட்ட ரக்கூன்களிடம்தான் இந்தக் கழுவும் பழக்கம் மிகுதியாகத் தெரிகிறது. ஓடை இல்லாத இடத்தில் ஓடையில் செய்வதை அது செய்து பார்க்கிறது என்று கருதுகிறார்கள். அதாவது அந்தச் சர்க்கரைக் காட்சியில், குழந்தை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பால் கிண்ணத்தில் ஒரு நதியைத் தேடிக்கொண்டிருக்கிறது ஒரு விலங்கு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்தக் காட்சியின் அழகு குறையவில்லை. ஆனால் முதல்முறை சிரித்த இடத்தில் இப்போது சிரிப்பு வருவதில்லை.

விலங்கின் அசைவை நம் அசைவாக மொழிபெயர்த்துக்கொள்வது எல்லாரும் செய்வதுதான். ஆனால் அந்த மொழிபெயர்ப்பு தப்பிப்போனால் வதைபடுவது விலங்கு. தேவாங்கு வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அக்குளில் விரல் வைத்துக் கூச்சம் காட்டினால் அது இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கண்ணை விரித்துப் பார்க்கும், கீழே எல்லாரும் எவ்வளவு ஆனந்தமாக இருக்கிறது பாருங்கள் என்று எழுதியிருப்பார்கள். ஆசியக் காடுகளில் வாழும் அந்த மெதுநடைத் தேவாங்குக்கு முழங்கை அருகே ஒரு சுரப்பி உண்டு. அதன் கசிவு எச்சிலோடு சேர்ந்தால் நஞ்சாகும். ஆபத்து என்று தோன்றும்போது அதை நக்கி எடுக்கத்தான் கையைத் தூக்குகிறது. கூச்சத்தில் சிரிப்பதாக நாம் பார்த்தது தற்காப்பு நிலை. அந்தக் கடிக்குப் பயந்து விற்பனைக்கு முன்பே அதன் பற்களை வெட்டிவிடுகிறார்கள், பல தேவாங்குகள் அந்தப் புண்ணிலேயே சாகின்றன. இதைப் படித்த நாளிலிருந்து நான் கதைகளில் ஒரு காரியம் செய்கிறேன். விலங்கு என்ன செய்தது என்ற வரியின் கீழ் ஒரு கோடு, அது என்ன உணர்ந்தது என்று ஆசிரியர் சொல்லும் வரியின் கீழ் இரண்டு கோடு. நல்ல எழுத்தாளர்களிடம் ஒற்றைக் கோடுகள்தான் அதிகம் இருக்கும். நார்த்திடம் அப்படித்தான் இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதைகளை ஆராய்வதில் பாதி வாதம் வீணாகப் போகும். பழக்குவது வேறு, வளர்ப்பினமாக ஆவது வேறு. ஒரு தனி விலங்கைச் சிறுவயதிலிருந்து கையில் வளர்த்து மனிதரைக் கண்டு பயப்படாமல் செய்வது பழக்குதல். அது அந்த ஒரு விலங்கோடு முடிந்துபோகும், அதன் குட்டி மறுபடி காட்டு விலங்குதான். வளர்ப்பினம் என்பது பல தலைமுறைகளாக மனிதரோடு ஒத்துப்போகிறவை மட்டுமே பெருகிப் பெருகி, அந்தச் சுபாவம் பிறவியிலேயே ஊறிவிட்ட இனம். நாய் நம்மோடு வந்து குறைந்தது பதினாலாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. இந்த வித்தியாசத்தை நேரில் காட்டிய சோதனை ஒன்று 1959இல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்கில் தொடங்கியது. அதை நடத்தியவர்கள் மரபியலாளர் திமித்ரி பெல்யாயெவ், அவரோடு லியுட்மிலா திரூட். தோலுக்காகப் பண்ணையில் வளர்த்த வெள்ளி நரிகளில், ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதரைக் கண்டு மிகக் குறைவாக அஞ்சியவற்றை மட்டும் இனம்பெருக்கினார்கள். பத்துத் தலைமுறைக்குள்ளாகவே வாலை ஆட்டிக்கொண்டு, மனிதர் கவனத்துக்காக முனகும் நரிகள் வந்துவிட்டன. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பயம் எப்போது வருகிறது என்பது. சாதாரணப் பண்ணை நரிக்குட்டிக்குப் புதியவற்றைக் கண்டு அஞ்சும் குணம் பிறந்து ஆறேழு வாரத்தில் வந்துவிடும், அந்தக் கதவு அதோடு மூடிக்கொள்ளும். தேர்ந்தெடுத்துப் பெருக்கிய நரிக்குட்டிகளுக்கு அந்தக் கதவு இன்னும் சில வாரங்கள் திறந்தே இருந்தது. ராஸ்கல் கிடைத்த வயதில் அதன் கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான் அந்தப் பிணைப்பின் அதிசயம். அந்தப் பையனின் அன்பு கொஞ்சமும் பொய்யில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்துக் கிடைத்திருந்தால் அத்தனை அன்பும் அந்த ரக்கூனை அடைந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

தகராறு தொடங்கும் இடம் 'ராஸ்கல்' கதையிலும் சோளம். பால் சோளம் முற்றும் பருவத்தில் ராஸ்கல் இரவில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் புகுந்து சூறையாடுகிறது, பக்கத்து வீட்டார்கள் திரண்டு வந்து முறையிடுகிறார்கள். கழுத்துப்பட்டை, கயிறு, பிறகு கூண்டு. பள்ளிக்குக் கொண்டுபோனபோது ஒரு பையன் ரப்பர் பேண்டால் சுண்ட, ராஸ்கல் கடித்துவிடுகிறது, வெறிநோய் இருக்குமோ என்று அதை அடைத்து வைத்துப் பார்க்கிறார்கள். அந்தப் பயம் வெறும் கதைப் பயம் இல்லை, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இன்று வெறிநோயைச் சுமக்கும் முக்கியமான காட்டு விலங்குகளில் ரக்கூனும் ஒன்று. அதன் குடலில் வாழும் ஒரு உருளைப்புழுவின் முட்டை மனித உடலுக்குள் போனால் மூளைவரை பாதிக்கும், குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். 1918இல் இதெல்லாம் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. அன்றைய அமெரிக்காவில் ரக்கூன் வளர்ப்பது விசித்திரமாகவும் படவில்லை. 1926இல் விருந்துக்குச் சமைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு ரக்கூனை வெள்ளை மாளிகைக்கு அனுப்பினார்கள், குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் குடும்பம் அதற்கு ரெபெக்கா என்று பெயர் வைத்து வளர்க்கத் தொடங்கியது. கடைசியில் அதுவும் விலங்குக்காட்சிச் சாலைக்குத்தான் போனது.

நூலின் உயிர் இருக்கும் இடம் என்று நான் நினைப்பது இதில் எதுவும் இல்லை. ஸ்டெர்லிங் பொறி வைத்துக் கஸ்தூரி எலிகளைப் பிடித்துத் தோல் விற்றுக் காசு சேர்க்கும் பையன். ஊரில் எல்லாப் பையன்களும் செய்வதுதான், அவனும் அதில் தப்பு எதுவும் பார்த்ததில்லை. அந்த நவம்பரில் தோல் வியாபாரிகளின் விலைப்பட்டியலில் பொறியில் சிக்கிய ஒரு ரக்கூனின் படத்தைப் பார்க்கிறான். பக்கத்தில் ராஸ்கல் இருக்கிறது. போர் முடிந்ததாக அறிவிப்பு வரும் அதே நாளில், விலைப்பட்டியல்களை எரித்துவிட்டு, பொறிகளைத் தூக்கி மாட்டிவைத்து, இனி விலங்குகளோடும் பறவைகளோடும் சமாதானம் என்று அவன் தனக்குள் ஒப்பந்தம் செய்துகொள்கிறான். அண்ணன் போர்முனையில் இருந்த ஒரு வீட்டில் இது நடக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அந்தப் பிணைப்பால் ராஸ்கலுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் சொல்லச் சிரமமாக இருக்கும். கிடைத்தது வேறு விலங்குகளுக்கு. அவன் ஒருபோதும் தொட்டுப் பார்க்காத, பெயர் வைக்காத, பொறியில் சிக்காமல் போன கஸ்தூரி எலிகளுக்கு. இப்படிப்பட்ட கதைகளில் உண்மையாகவே பழக்கப்பட்டது யார் என்று கேட்டால் நான் இந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுவேன்.

சரி, ஒரு வருடத்தோடு நிறுத்தாமல் தொடர்ந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? ஸ்காட்லாந்து எழுத்தாளர் கேவின் மாக்ஸ்வெல் அதற்கு ஒரு சாட்சி. 1956இல் இராக்கின் சதுப்பு நிலங்களிலிருந்து மிஜ்பில் என்ற நீர்நாயைக் கொண்டுவந்தார். அறிவியலுக்கு அதுவரை தெரியாத கிளையினம் என்று அறிந்து அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். மறுவருடம் ஸ்காட்லாந்தில் சாலைப் பணியாளர் ஒருவர் மிஜ்பிலை அடித்துக் கொன்றுவிட்டார். மிஜ்பிலின் கதையும் ஏறக்குறைய ஒரு வருடம்தான். அதை வைத்து 1960இல் அவர் எழுதிய 'ரிங் ஆஃப் பிரைட் வாட்டர்' உலகமெங்கும் படிக்கப்பட்டது. ஆனால் மாக்ஸ்வெல் அங்கே நிறுத்தவில்லை. அடுத்து வந்த ஈடல் என்ற நீர்நாய் வளர்ந்தது, சில வருடங்களில் மனிதரைத் தாக்கத் தொடங்கியது, அங்கே உதவிக்கு இருந்த பையன் ஒருவன் இரண்டு விரல்களில் ஒரு பகுதியை இழந்தான். பிறகு ஈடலை அடைத்தே வைக்க வேண்டியிருந்தது. 1968 ஜனவரியில் வீடு தீப்பற்றி எரிந்தபோது ஈடல் உள்ளேயே இறந்துபோனது. மாக்ஸ்வெல் இதையெல்லாம் மறைக்காமல் அடுத்தடுத்த நூல்களில் எழுதினார், அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை. ஆனால் மக்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பது முதல் நூலைத்தான்.

எல்சா இதற்கு ஒரு விலக்கு. காட்டில் விடப்பட்டு, தானாக வேட்டையாடக் கற்று, ஒரு காட்டுச் சிங்கத்தோடு சேர்ந்து 1959 டிசம்பரில் மூன்று குட்டிகளும் ஈன்று, அப்புறமும் ஆடம்சன் தம்பதியைத் தேடி வந்துகொண்டிருந்தது. காரணம் இல்லாமல் இல்லை. சிங்கம் கூட்டமாக வாழும் இனம், அதிலும் பெண்சிங்கங்கள் பிறந்த கூட்டத்தோடு ஆயுள் முழுக்க ஒட்டியிருப்பவை. வளர்ந்தாலும் உறவை அறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் அதன் சுபாவத்தில் இல்லை. ரக்கூன் அப்படி இல்லை. ஆகவே ஒரு கதையில் பிணைப்பு நீடித்ததா அறுந்ததா என்று பார்க்கும்போது, மனிதர் எவ்வளவு அன்பாக இருந்தார் என்பதைவிட, அந்த இனம் பெரிதானபின் யாரோடு வாழும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். எல்சாவும் நெடுநாள் வாழவில்லை. 1961 ஜனவரியில், ஐந்து வயதுகூட நிறையாமல், உண்ணி பரப்பும் நோயொன்றில் இறந்தது.

இப்போது ராஸ்கலின் கடைசிக் காட்சி. வசந்த இரவில் ஸ்டெர்லிங் தன் படகில் அதை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக் காட்டுக்குப் போகிறான். தூரத்தில் ஒரு பெண் ரக்கூனின் குரல். ராஸ்கல் தயங்குகிறது, பிறகு போய்விடுகிறது. பையன் திரும்பத் துடுப்புப் போடுகிறான். அழகான, நியாயமான முடிவு. அந்த வட்டாரத்தில் பிறந்த விலங்கு அந்த வட்டாரத்துக் காட்டுக்கே திரும்புகிறது.

அந்த முடிவு வேறொரு நாட்டில் எப்படி ஆனது என்று தெரிந்தால் மனம் கனத்துப்போகும். 1977இல் ஜப்பானில் இந்தக் கதையை 52 வாரத் தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடராக எடுத்தார்கள். நார்த் அதைப் பார்க்கவில்லை, 1974இலேயே இறந்துவிட்டார். தொடரைப் பார்த்த குழந்தைகள் ராஸ்கல் வேண்டும் என்று கேட்க, வட அமெரிக்காவிலிருந்து ரக்கூன்கள் பெருமளவில் இறக்குமதியாகி வீடுகளுக்குப் போயின. அவை வளர்ந்தன. கடித்தன, கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டன, வீட்டைப் பிரித்துப் போட்டன. அப்புறம் குடும்பங்கள் என்ன செய்தன? கதையில் வந்ததைத்தான் செய்தன. காட்டோரம் கொண்டுபோய்க் கண்ணீரோடு விட்டுவிட்டு வந்தார்கள். கூண்டுகளிலிருந்து தப்பியவையும் ஏற்கெனவே வெளியே இருந்தன. ஆனால் ஜப்பான் ரக்கூனின் நாடு இல்லை. அங்கே அதைக் கட்டுப்படுத்தும் எதிரிகள் இல்லை, பெருகின. சோளம், முலாம்பழம் என்று பயிர்கள் நாசமாயின, பழைய மரக் கோயில்களின் தூண்களிலும் கூரைகளிலும் நகக்கீறல்கள் விழுந்தன, உள்ளூர் விலங்குகளுக்கு இரையிலும் இடத்திலும் போட்டி வந்தது. 2004இல் நிறைவேற்றி மறுவருடம் நடைமுறைக்கு வந்த அயல் உயிரினச் சட்டத்தின்படி ரக்கூனை வளர்ப்பதும் இறக்குமதி செய்வதும் காட்டில் விடுவதும் அங்கே தடை. இன்று பிடித்துக் கொல்கிறார்கள். அந்தக் குழந்தைகளை நான் குறை சொல்ல மாட்டேன். கதை அவர்களுக்குக் காட்டிய ஒரே நல்ல முடிவை அவர்கள் அப்படியே நம்பினார்கள். எந்த மண்ணில் விடுகிறோம் என்ற ஒரு வரி அந்த முடிவுக்குள் ஒளிந்திருந்தது, அதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

அதனால்தான் பிள்ளைகளோடு சேர்ந்து இப்படி ஒரு கதையைப் படித்து முடித்தால், நான் அவர்களிடம் சுருக்கமோ கதாபாத்திரங்களின் குணநலனோ கேட்பதில்லை. பதின்மூன்றாவது மாதத்தை எழுதுங்கள் என்பேன். 1919 மே மாதம் என்ன நடந்தது? யார் பக்கமிருந்து வேண்டுமானாலும் எழுதலாம், இதுவரை கதையில் வந்த எதையும் மாற்றக் கூடாது, அந்த விலங்கைப் பற்றித் தெரிந்ததை மீறக் கூடாது. ஒரு பையன், ராஸ்கல் ராத்திரியில் ஊருக்குள் வந்து பழைய கூண்டை மோந்து பார்த்துவிட்டு, நேரே சோளத்தோட்டத்துக்குப் போவதாக எழுதினான். இன்னொருவன் படகைப் பற்றி மட்டும் எழுதினான், முன்பக்கம் பாரம் இல்லாததால் அது எப்படி ஒருபக்கமாகச் சாய்ந்தது என்று. எப்போதும் கடைசியில் உட்காரும் ஒரு பெண் முதல் அத்தியாயத்துத் தாய் ரக்கூனை எடுத்துக்கொண்டாள். ஏரிக்கரையில் அது இரை தேடிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச தூரத்தில் கழுத்தில் பட்டை தேய்ந்த தடம் உள்ள ஓர் இளம் ஆண் ரக்கூன் தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறது. தாய் ஒருமுறை மோப்பம் பிடித்துப் பார்க்கிறது, அதன்மேல் சோப்பு வாசனையும் மனிதப் படுக்கை வாசனையும் வீசுகிறது. அது யார் என்று தாய்க்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே கரையில், நாலடி தள்ளித் தள்ளி, நண்டு தேடிக்கொண்டிருக்கின்றன.